பழைய எண், புதிய எண்



நம் ஊர் வாசல்களில் 'பழைய எண் 14, புதிய எண் 27' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீடு அதேதான், எண் மட்டும் மாறிவிட்டது. விஷயம் தெரியாத தபால்காரர் பக்கத்து வீட்டில் கடிதத்தைப் போட்டால் பெரிய நஷ்டமில்லை. இதே குழப்பம் பி.எல்.சி.யில் நடந்தால்? ஒருவருடைய கையே போய்விடலாம்!

சென்ற விடுமுறையில் பயிற்சிக்காக ஓர் ஆலைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பிரஸ்ஸில் ஆலன்-பிராட்லி பி.எல்.சி.-5. 2017-லேயே விற்பனை நிறுத்தப்பட்ட மாடல், ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கிறது. கூடுதலாகச் சில சென்சார்கள் வைக்க வேண்டி, ஸ்லாட் 0-வில் இருந்த 8 பாயிண்ட் இன்புட் கார்டுக்குப் பதில் 16 பாயிண்ட் கார்டு போட முடிவு செய்தார்கள். 'கார்டுதானே, மாத்தினா போச்சு' என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த ராக் 2-ஸ்லாட் அட்ரஸிங்கில் இருந்தது. அதாவது இரண்டு ஸ்லாட் சேர்ந்து ஒரு குரூப். அதற்கு 16 இன்புட் பிட். ஸ்லாட் 0-வுக்கு 00 முதல் 07, ஸ்லாட் 1-க்கு 10 முதல் 17. ஆக்டல் கணக்கு என்பதால் 8, 9 கிடையாது. ஸ்லாட் 1-லும் இன்புட் கார்டே இருந்ததால், புதுக் கார்டின் மீதி 8 பாயிண்ட்டுக்கு இடமில்லை. அதனால் பேக்பிளேன் ஸ்விட்சை 1-ஸ்லாட்டுக்கு மாற்றினார்கள். இனி ஒவ்வொரு ஸ்லாட்டும் தனிக் குரூப்.

விளைவு? ஸ்லாட் 2-ல் முதல் பாயிண்ட்டான பாதுகாப்புக் கதவின் லிமிட் ஸ்விட்ச், ஐ:001/00-லிருந்து ஐ:002/00-க்குப் போய்விட்டது. பழைய விலாசத்துக்குக் குடிவந்தது ஸ்லாட் 1-ன் முதல் பாயிண்ட், காற்றழுத்த ஸ்விட்ச்! புரோகிராமைத் திருத்தியபோது கதவு ரங்கு மட்டும் விடுபட்டுப்போனது. காற்று இருக்கும்வரை, கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே பி.எல்.சி. நம்பும்.

"தம்பி, உடனே ரன்ல போடக்கூடாது. டெஸ்ட் மோடுல ஒவ்வொண்ணா பாத்துடுவோம்" என்றார் அங்கிருந்த சீனியர் எலக்ட்ரீஷியன் அண்ணன். கதவைத் திறந்தார். கார்டில் எல்.இ.டி. அணைந்தது. ஸ்கிரீனில் கதவு பிட் அப்படியே ஆன்! எனக்கு வியர்த்துவிட்டது. "ஒயர் சரி, கார்டும் சரி. நம்ம கணக்குதான் தப்பு" என்றார் அவர்.

நம் லேபில் என்ன செய்கிறோம்? டிரெய்னரில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து லேடர் போடுகிறோம். விளக்கு எரிந்தால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து. அந்த நம்பர் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டோமா?

'இப்பல்லாம் டேக் பேர்லதானே எழுதறாங்க?' என்பீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னாலும் ஏதோ ஒரு கார்டு, ஏதோ ஒரு பாயிண்ட் இருக்கத்தான் செய்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி முறையும் வேறு. சீமென்ஸ் எஸ்7-300-ல் ஸ்லாட்டுக்கு 4 பைட் முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது. 16 பாயிண்ட் இருந்த இடத்தில் 32 பாயிண்ட் கார்டு போட்டாலும் பக்கத்துக் கார்டின் விலாசம் நகராது. ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றில் கை வைக்கலாமா?

என் கருத்து இதுதான். கார்டை மாற்றி, விலாசத்தைத் திருத்தி, ஒவ்வொரு பாயிண்ட்டாகச் சரிபார்க்கும் ஒரு பயிற்சி நம் லேபில் கட்டாயம் வேண்டும். கார்டைக் கழற்றும் முன் பழைய எண், புதிய எண் என இரண்டு பத்தி போட்ட பட்டியலை எழுதிவிட வேண்டும். இன்புட்டுகளை ஒரே இடத்தில் உள் பிட்டுகளுக்கு மாற்றி வைத்துப் புரோகிராம் எழுதினால், நாளைக்குத் திருத்துவதும் அந்த ஓரிடத்தில்தான். எமர்ஜென்சி ஸ்டாப், பாதுகாப்புக் கதவு போன்றவற்றைப் புரோகிராமை மட்டும் நம்பி விடவே கூடாது.

நாளை டிப்ளமோவோடு வேலைக்குப் போகும் நம்மிடம்தான் 'கார்டை மாத்து தம்பி' என்பார்கள். அன்று ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் பேப்பரையும் பேனாவையும் எடுப்போம். அந்தக் கதவுக்குள் கை விடுபவரும் நம்மைப் போல் ஒருவர்தானே!