துறவி நண்டுக்கு ஒரு வீடு

இவ்வாரம் நாம் எழுதப் புகுவது ஒருவகைப் பிழைதிருத்தமேயாகும். முன்னே இப்பகுதியில் எழுதிய எதனையும் திருத்துவதன்று. வகுப்பறை வாயிலில் நின்று ஒரு மாணவனுக்கு நாம் வாயாற் சொன்ன சொல்லைத் திருத்துவது.

எம்மிடம் எட்டாம் வகுப்பில் விஞ்ஞானம் கற்கும் சிறுவன் ஒருவன், ஆவணி விடுமுறைக்கு வடமராட்சியிலுள்ள தன் அம்மம்மா வீட்டுக்குப் போனவன், மணற்காட்டுக் கடற்கரையிலிருந்து ஒரு சங்கு நண்டை விசுக்கோத்துத் தகரத்தில் வைத்துக் கொண்டு வந்தான். அடியில் நாலு விரற்கடை மணல், ஒரு மூடியிற் கிணற்றுத் தண்ணீர், ஒரு பிடி சோறு. அதுவே நண்டின் இல்லம். இரண்டு கிழமை கழிந்தபின் ஒரு காலை எம்மை வழிமறித்து, “சேர், நண்டு மூண்டு நாளா மணலுக்கை தாண்டு கிடக்குது. சாப்பிடவும் வரேல்லை” என்றான். மணியடித்துவிட்டது, நாமோ அவசரத்திலிருந்தோம். “தோண்டி எடுத்துத் தண்ணீரில் விடு, தம்பி. காற்றில்லாமற் செத்துப்போகும்” என்றோம்.

அவன் தோண்டினான். ஓட்டினுள்ளே நண்டு வெளிறி, தொட்ட இடம் குழியுமளவிற்கு மென்மையாய்க் கிடந்ததாம். ஆசிரியர் சொற்படி தண்ணீரில் விட்டான். மறுநாட் காலையில் அது அசையவில்லை. பையன் எம்மிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பெற்றோர் கூட்டத்திற்கு வந்த அவன் தாயார்தாம், “மாஸ்ரர், அவன் இரண்டு நாள் சாப்பிடேல்லை” என்று சொல்லிப் போனார். நண்டு நோயுற்றிருக்கவில்லை. தோலுரித்துக்கொண்டிருந்தது. தொடாமல் விட்டிருந்தால் பிழைத்திருக்கும். அன்றிரவு புத்தகங்களைப் புரட்டியபின்பே நாம் இதனை அறிந்தோம். இருபது ஆண்டாக விலங்கியல் கற்பிப்பவர் நாம்!

பிள்ளைகள் இவ்வகை நண்டைக் கொண்டுவருவது எந்த விடுமுறையிலும் நடப்பதாகையால், அதனை எங்ஙனம் வைத்திருப்பது என்பதை இங்கே விரித்துச் சொல்லுதல் எமக்குக் கடமையாயிற்று.

சங்கு நண்டு, துறவி நண்டு என்று நாம் வழங்குவது, பிற நண்டுகளைப்போல் முழு உடலும் ஓடு மூடியதன்று. முன்பாதிக்குத்தான் கவசம். பின்பாதி சுருண்ட மென்தசை. ஆதலால் இறந்த சங்குப்பூச்சி விட்டுச் சென்ற ஓட்டினுள் அப்பாதியை நுழைத்து, வீட்டோடு நடந்து திரிகிறது. பத்துக் கால்களுள் முதலிரண்டு கொடுக்குகள். இடக்கொடுக்கு பெரிது, உள்ளே ஒடுங்கியபின் வாயிலை அடைக்கும் கதவு அதுவே. அடுத்த நான்கும் நடப்பதற்கு. கடைசி நான்கு குறுங்கால்கள் உள்ளேயிருந்து ஓட்டைப் பற்றிப் பிடிப்பதற்கு. உடலின் முறுக்கும் சாதாரணச் சங்கின், அதாவது நாம் இடம்புரி என்னும் சங்கின், முறுக்குக்கு இசைய அமைந்தது. வலம்புரி எமக்குக் கிடைப்பதரிது. கிடைத்தாலும் நண்டுக்கு அது பொருந்தாது.

துறவி என்ற பெயர் பொருத்தமற்றது என்பது எமது கருத்து. தரையில் வாழும் இந்த இனங்களுக்கு இலத்திரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் 1829இல் ‘சீனோபிற்றா’ என்று பெயரிட்டார். தனித்திருக்கும் முனிவரையன்று, மடத்திற் கூடி வாழும் துறவியரையே அச்சொல் குறிக்கும். உண்மையும் அதுதான். கடற்கரையில் இவை கூட்டமாகவே திரிகின்றன. ஒற்றை நண்டைத் தகரத்தில் அடைத்து வைப்பது அதன் இயல்புக்கு மாறானது. வைப்பதாயின் இரண்டு மூன்றாக வைத்தல் வேண்டும்.

இனி வீடு. முதலில் அறியவேண்டியது, இந்நண்டு தரையில் வாழ்ந்தாலும் மீனுக்குள்ளது போன்ற பூக்களாலேயே, அதாவது செவுள்களாலேயே, மூச்சு விடுகிறது என்பது. அப்பூக்கள் நனைந்திருக்கும்வரை காற்றிலுள்ள பிராணவாயுவை அது பெறும். உலர்ந்தால் மூச்சடைத்துச் சாகும், அதுவும் பல நாள் மெல்ல மெல்ல. ஆகவே கம்பிக்கூடு உதவாது. தகரமும் உதவாது. கண்ணாடித் தொட்டியே தக்கது. இரண்டு மூன்று சிறு நண்டுகளுக்கு 40 இலீற்றர் கொள்ளும் தொட்டி போதும். மேலே கண்ணாடி மூடி இட்டு ஓரத்தில் சிறிது இடைவெளி விடவேண்டும். உள்ளே காற்றின் ஈரப்பதன் 75 முதல் 85 வீதம் வரையும், வெப்பநிலை 24 முதல் 29 பாகை செல்சியசு வரையும் இருத்தல் நன்று. வெப்பத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தார் கவலைப்படவேண்டியதில்லை. ஆனால் சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஈரம் வெகுவாகக் குறையும். அக்காலத்திற் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கவேண்டும். யன்னலோரத்தில் வெயில் படும்படி வைத்த கண்ணாடித் தொட்டி அரைமணி நேரத்தில் அடுப்பாகிவிடும் என்பதையும் மறக்கலாகாது.

அடியில் இடும் மணலே இவ்வீட்டின் உயிர்நிலை. ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தென்னந்தும்புத் தூள் கலந்து, தண்ணீர் தெளித்துப் பிசையவேண்டும். பதம் எது என்று எம்மைக் கேட்பதைவிட உங்கள் தாயாரைக் கேளுங்கள்: புட்டுக்குக் குழைத்த மாவைக் கையிற் பிடித்தால் பிடிபட்டு நிற்குமல்லவா, ஏறக்குறைய அப்பதம். ஆழம் ஓட்டின் உயரத்தைப்போல் மும்மடங்கு. எவ்வாறாயினும் ஆறு அங்குலத்திற்குக் குறையலாகாது. எம் மாணவனின் தகரத்தில் நாலு விரற்கடையே இருந்தது. அந்த இடத்திற்குள்ளும் அந்தப் பிராணி தன்னால் இயன்ற மட்டும் தன்னை மறைத்துக்கொண்டிருக்கிறது!

ஏனெனில் நண்டு வளர்வதற்குத் தன் கவசத்தைக் கழற்றியாகவேண்டும். புதுக்கவசம் இறுகும்வரை அது பால்குடிக் குழந்தையினும் மெல்லியது. எறும்பும் கொல்லும், பக்கத்து நண்டும் தின்னும். அதனால் முன்கூட்டியே நீரையும் கொழுப்பையும் உடலிற் சேர்த்துக்கொண்டு, மந்தமாகி, உணவை வெறுத்து, ஆழத் தோண்டிப் புதைந்துவிடுகிறது. உரித்த பழைய தோலைத் தானே தின்று, அதிலுள்ள சுண்ணத்தை மீளப் பெறுகிறது. சிறியதற்கு ஒரு மாதம் செல்லும். பெரியது இரண்டு மாதமும் அதற்கு மேலும் கீழே கிடக்கும். மேலேயிருப்பவர் செய்யவேண்டியது ஒன்றே: மணல் உலராமற் பார்த்துக்கொண்டு சும்மா இருத்தல். இறந்துவிட்டதோ என்ற ஐயம் எழுமானால் மூக்கை நம்புங்கள். இறந்த நண்டு அழுகிய மீன்போல் நாறும். வீட்டார் எவரும் அதனைத் தவறவிடமாட்டார். நாற்றமில்லையேல் நண்டு உயிரோடிருக்கிறது என்றே கொள்ளுங்கள். சில வேளை மேற்பரப்பிலேயே கால்களும் கொடுக்குமாக ஒரு ‘பிணம்’ கிடக்கும். எடுத்துப் பார்த்தால் உள்ளே வெறுமை. அது கழற்றிய சட்டை. அதனையும் எறிந்துவிடாதீர்கள். உரியவர் வந்து உண்பார்.

தண்ணீர் இரண்டு வகை வேண்டும்: ஒன்று நன்னீர், மற்றது கடல்நீர். ஓடு நனையுமளவு ஆழமான இரண்டு மட்பாத்திரங்கள், ஏறி வருவதற்கு ஒவ்வொன்றிலும் ஒரு கல். நீரினுள்ளே நெடுநேரம் அகப்பட்டால் இது மூழ்கிச் சாகும். துறைமுகத்து எண்ணெய் படாத இடத்தில் கடல்நீரைப் போத்தலில் அள்ளி வரலாம். மலைநாட்டிலிருப்போர் மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் கடலுப்பைக் கரைத்துக்கொள்ளலாம்; சமையலுப்பு ஆகாது. கிணற்றுக்குக் குளோரீன் இட்ட நாட்களில் அந்நீரைத் தவிர்க்கவேண்டும். எம் வீடுகளிற் பெருமையாகத் துலக்கி வைத்திருக்கும் செம்புப் பாத்திரத்தை இதற்கு எடுக்கவே கூடாது. செம்பு நண்டினத்திற்கு நஞ்சு. நுளம்புத் திரியும் பூச்சிகொல்லியும் அப்படியே. பூச்சிக்கும் நண்டுக்கும் உறவு நெருங்கியது. ஒன்றைக் கொல்வது மற்றதையும் கொல்லும். தொட்டி உள்ள அறையில் நுளம்பு வலைதான் கட்டவேண்டும்.

உணவைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கடற்கரையின் துப்புரவுத் தொழிலாளி எதனைத்தான் தின்னாது? தேங்காய்ச் சொட்டு, பழுத்த மாம்பழம், பப்பாசி, முருங்கையிலை, சருகு, உப்பிடாத கருவாடு, இறால் தலை யாவும் நன்று. உப்பும் தூளும் இட்ட கறிச்சோறு வேண்டாம். சுண்ணத்திற்கு முட்டைக் கோதையும், கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டையும் பொடித்து வைக்கலாம். நாட்டு வைத்தியர் கடல்நுரை என்பது இந்தக் கணவாய் ஓட்டைத்தான். இரவிலேயே இவை உண்பதால் மாலையில் ஒரு தேக்கரண்டியளவு வைத்துக் காலையில் மிச்சத்தை எடுத்துவிடவேண்டும். எம் மாணவன் வீட்டில் வெள்ளிக்கிழமையில் இறால் தலை படலைக்குள் வரலாகாது என்பது அம்மம்மாவின் கட்டளை. அன்று நண்டும் தேங்காயோடு விரதம் இருக்கிறது. அதனால் அதற்கு யாதொரு குறையும் நேரவில்லை. தொட்டி வைத்த மேசையின் கால்களை, பாற்சட்டி வைக்கும் அலுமாரிக்குச் செய்வதுபோல், தண்ணீர்க் கோப்பைகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

வளரும் நண்டுக்கு வேறு ஓடும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாலு வெற்றோடுகள், இப்போதுள்ளதிலும் சற்றுப் பெரியனவாக, கொதிநீரில் அவித்து ஆறவைத்து இடுங்கள். வெளிநாடுகளிற் கடைக்காரர் நிறந்தீட்டிய ஓடுகளில் நண்டை விற்கின்றனர். உரியும் நிறப்பூச்சை நண்டு தின்றுவிடும். கரையில் ஒரு நல்ல ஓடு ஒதுங்கினால் நடக்கும் காட்சி விந்தையானது. நண்டுகள் பெரிதிலிருந்து சிறிதுவரை வரிசையாக நின்று, முதலாவது நண்டு புதுவீடு புகுந்ததும் அது விட்டதனுள் இரண்டாவது, அது விட்டதனுள் மூன்றாவது எனக் கணநேரத்தில் எல்லாம் குடிமாறிவிடும். ஒரே ஓட்டினால் ஒரு தெருவே நலம் பெறுகிறது. நாம் கண்ணாடி அலுமாரியை அலங்கரிக்கப் பொறுக்கி வரும் சங்குகளும் சோகிகளும் அத்தெருவிலிருந்து எடுக்கப்பட்டவையே. எம் அலுமாரியிலும் ஒரு தட்டு நிறைய இருந்தன. ஓடுகள் குறைந்த கரைகளில் நண்டுகள் எதனைச் சுமக்கின்றன என்பதை, மக்கள் எடுத்து வெளியிட்ட புகைப்படங்களைக்கொண்டு போலந்து நாட்டு ஆய்வாளர்கள் 2024இல் ஆராய்ந்தனர். தரையில் வாழும் 16 இனங்களுள் 10 இனங்களைச் சேர்ந்த 386 நண்டுகள் குப்பையைச் சுமந்து நின்றன. பெரும்பாலானவை பிளாஸ்டிக் மூடிகள். இந்து சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவுகளிலோ, கரையிற் கிடக்கும் போத்தல்களுள் விழுந்து ஏறமுடியாமல் ஆண்டுதோறும் 5 இலட்சத்திற்கு மேற்பட்ட நண்டுகள் மாள்வதாக 2020இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது.

இன்னுமொன்று. இந்நண்டு தொட்டியிற் பெருகாது. தாய் நண்டு முட்டைகளை வயிற்றில் தாங்கிக் கடலோரம் சென்று அலையில் விடும். குஞ்சுகள் கடலில் மிதந்து, பலமுறை உருமாறி, கடுகளவு ஓடொன்றைத் தேடிக்கொண்டு கரையேறும். எவ்வளவு நல்ல வீடு கட்டினாலும் அந்தக் கடலை நாம் கட்டமுடியாது. ஆகையால் உலகின் எந்தக் கடையில் விற்கப்படுவதும் பெரும்பாலும் ஒரு கரையிலிருந்து பிடிக்கப்பட்டதே. யப்பானில் 1970இல் இவற்றை நாட்டின் இயற்கைச் சின்னமெனக் காத்துள்ளனர். முப்பது ஆண்டு வாழக்கூடிய உயிரை, சில மாதங்களிற் கொல்வதற்காக விலைகொடுத்து வாங்குவதை நாம் ஒருபோதும் ஆதரியோம். கரைக்கு அண்மையில் வாழும் பிள்ளைகளுக்கு எமது ஆலோசனை, பொழுது பட்டபின் ஒரு தேங்காய்ச் சொட்டோடு அங்கேயே சென்று அமர்ந்திருப்பது. முன்னரே கொண்டுவந்துவிட்டவர்களுக்காகவே மேலே கூறிய யாவும்.

எம் மாணவன் அன்று கொண்டுவந்தது ஒன்றன்று, இரண்டு என்பது பிறகுதான் தெரியவந்தது. மற்றதை அவன் தங்கை சாடியொன்றில் வைத்திருந்தாள். நாம் அவன் வீட்டுக்குச் சென்று நடந்ததைச் சொல்லி, பிழை எம்முடையது என்று அவனிடம் கூறினோம். அவன் தலையாட்டினான், மன்னித்தானோ இல்லையோ தெரியாது. எம்மிடமிருந்த பழைய மீன்தொட்டியை அவனுக்குக் கொடுத்தோம். அவன் தந்தையார் மணல் அரித்தார். அலுமாரித் தட்டிலிருந்த ஓடுகளை நாம் அவித்தோம். துணைக்கு இன்னொன்று பிடிக்கலாமா என்று தங்கை கேட்டாள். வேண்டாம், இது மேலே வந்து ஓடு இறுகியதும் மணற்காட்டிலேயே எடுத்த இடத்தில் விட்டுவிடுவோம் என்று அவனே சொன்னான்.

அந்த நண்டு கீழே போய் இன்றோடு முப்பத்தெட்டு நாள். தொட்டியின் மேல், ‘தோண்டக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது. யாருக்காக ஒட்டினான் என்று நாம் கேட்கவில்லை. நேற்று மாலை அவன் தாயார் மூடியைச் சற்றே நீக்கி மணந்து பார்த்துவிட்டு, “கடல் மணம்தான், மாஸ்ரர்” என்றார்.