முன்னால் 22, பின்னால் 29

பைக் டயரின் வால்வில் திருகி வைக்கிற ஒரு சின்ன மூடி. தலையில் தெளிந்த பிளாஸ்டிக் குமிழ். உள்ளே பச்சை தெரிந்தால் காற்று சரி. மஞ்சள் தெரிந்தால் குறைந்திருக்கிறது. சிவப்பு என்றால் வண்டியை எடுக்கக் கூடாது. உதிரிச் சாமான் கடைகளிலும் இணையத்திலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சென்னையில் மயிலாப்பூர், அடையாறு பக்கம் நிறுத்தியிருக்கும் பைக்குகளில் இப்போது அங்கங்கே கண்ணில் படுகிறது. இதை வாங்கி மாட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்கிறது. தன் டயரில் காற்று இருக்கிறதா என்று ஒருவர் தினமும் பார்க்க நினைப்பதே இந்த ஊரில் பெரிய விஷயம். அந்த அக்கறை வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பச்சையை நம்புவதற்கு முன்னால், அது எந்த எண்ணுக்குப் பச்சை காட்டுகிறது என்று பாருங்கள்.

பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் நம் பழக்கம் விளங்கிவிடும். "எவ்ளோ சார்?" என்று தம்பி கேட்பார். "நார்மலா அடிப்பா" என்பார் ஒருவர். "நீயே பார்த்து வைப்பா" என்பார் அடுத்தவர். தம்பியும் முன்னால் 25, பின்னால் 35 என்று வருகிற வண்டிக்கெல்லாம் ஒரே கணக்கில் வைத்து அனுப்புவார். அவரைக் குறை சொல்ல முடியாது. எண்ணைச் சொல்ல வேண்டியவர் வண்டிக்காரர்தான்.

எங்கே திரும்பினாலும் கண்ணில் படுகிற ஆக்டிவாவை எடுத்துக்கொள்வோம். முன் டயருக்கு 22 பி.எஸ்.ஐ. பின் டயருக்கு, ஓட்டுகிறவர் மட்டும் என்றால் 29. பின்னால் ஆள் உட்கார்ந்தால் 36. ஒரே வண்டிக்கு மூன்று எண்கள். மற்ற வண்டிகளுக்கு வேறு எண்கள். வண்டியோடு தரும் கையேட்டில் எல்லாம் இருக்கிறது. பல வண்டிகளில் ஸ்டிக்கராகவும் ஒட்டியிருப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை உஸ்மான் ரோட்டுப் பக்கம் வருகிற ஸ்கூட்டர்களைப் பாருங்கள். கணவன், மனைவி, நடுவில் குழந்தை, கால் வைக்கும் இடத்தில் துணிப் பைகள். அந்தப் பின் டயரில் 36 இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தால், டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும். வளைவில் வண்டியின் பின்பக்கம் ஆடும். பள்ளத்தில் விழுந்தால் ரிம் நேராகத் தரையில் அடி வாங்கும். மெட்ரோ வேலையால் லஸ் பக்கமும் மற்ற சாலைகளிலும் வெட்டும் ஒட்டுமாகக் கிடக்கிற இந்த வருடங்களில் அந்த அடி தினசரி உண்டு.

அதிகமாக அடித்தாலும் ஆபத்துதான். டயர் புடைத்துக்கொண்டு நடுப்பகுதி மட்டும் சாலையைத் தொடும். மழை நாளில் சர்தார் படேல் சாலையில் முன்னால் போகிற பஸ் திடீரென்று நின்றால், பிரேக் பிடிக்க டயருக்குச் சாலையோடு ஒட்டுகிற பரப்பு வேண்டும். அது குறைந்திருக்கும்.

இனி மூடிக்கு வருவோம். வால்வின் நடுவே ஊசி போல ஒரு பின் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங் அதை மேலே தள்ளி வழியை அடைத்து வைத்திருக்கும். 1893-ல் அமெரிக்காவில் ஷ்ரேடர் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. இன்று வரை பைக், கார், விமானம் எல்லாவற்றிலும் அதுதான். வண்ண மூடியைத் திருகும்போது அதற்குள் இருக்கும் முளை அந்தப் பின்னை அழுத்தி வால்வைத் திறக்கிறது. டயரின் காற்று மூடிக்குள் ஏறி, அங்கே இருக்கிற இன்னொரு ஸ்பிரிங்கைத் தள்ளுகிறது. காற்றுக்குப் பலம் இருக்கிற வரை பச்சை மேலே நிற்கும். காற்று குறையக் குறைய ஸ்பிரிங்கின் கை ஓங்கும். பச்சை இறங்கி மஞ்சளும், பிறகு சிவப்பும் தெரியும். பாட்டரி இல்லை, மின்சாரம் இல்லை. நேர்த்தியான யோசனை.

ஆனால் அந்த ஸ்பிரிங் தொழிற்சாலையிலேயே ஓர் எண்ணுக்கு வைக்கப்பட்டது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கார்களை மனத்தில் வைத்துச் செய்தவை; 32, 36 என்று இருக்கும். 36-க்கான மூடியை 22 வேண்டிய முன் டயரில் மாட்டினால், காற்று மிகச் சரியாக இருக்கும்போதும் சிவப்புதான் தெரியும். எந்நேரமும் சிவப்பைப் பார்த்துப் பழகியவர் பிறகு எந்தச் சிவப்பையும் மதிக்க மாட்டார். அல்லது பச்சை வரும் வரை காற்றடிப்பார். முன் சக்கரம் கல்லாகிவிடும். 32-க்கான மூடியைப் பின்னால் மாட்டுகிறவருக்கு எதிர்ப்பக்கத்துச் சிக்கல். மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது 36 வேண்டும்; 32-லேயே மூடி பச்சை காட்டி அனுப்பிவிடும். 50 வரை ஏற்றினாலும் அதே பச்சைதான். கூடுதல் காற்றைச் சொல்ல அதனிடம் நிறமே இல்லை.

இன்னொன்று. சாதாரண மூடியின் வேலை தூசியைத் தடுப்பது. அது தொலைந்தாலும் வால்வின் பின் காற்றைக் காப்பாற்றும். வண்ண மூடி மாட்டியிருக்கும் வரை அந்தப் பின் அழுத்தப்பட்டே கிடக்கிறது. மூடிக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வாஷர்தான் காற்றுக்குக் காவல். 2003 மே 31 அன்று 45 டிகிரி தொட்ட ஊர் இது. அந்த வெயிலில் வருடக்கணக்கில் நிற்கும் மலிவு பிளாஸ்டிக் விரிசல் விடும். ரயில் நிலைய வாகன நிறுத்தத்தில் பக்கத்து வண்டியை இழுக்கும்போது இடித்தாலும் போதும், மாலையில் திரும்பி வரும்போது டயர் தரையோடு ஒட்டிக் கிடக்கும்.

எடையையும் பார்க்க வேண்டும். பத்து அங்குல ஸ்கூட்டர் சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும்போது வால்வு முனையில் இருக்கும் பொருளின் மீது அதன் எடையைப் போல் சுமார் 60 மடங்கு விசை விழும். பத்து கிராம் மூடி, 600 கிராம் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமமாக வால்வை இழுக்கும். டியூப்லெஸ் வால்வின் தண்டு பெரும்பாலும் ரப்பர். நாளடைவில் அதன் அடியில் வெடிப்பு காணும்.

நம் ஊரில் பச்சை மூடிக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது: நைட்ரஜன் அடித்த டயர். நைட்ரஜனுக்குப் பணம் கொடுத்தவர்கள் பலர், இனி மாதக்கணக்கில் பார்க்கத் தேவையில்லை என்று நம்புகிறார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதுவும் ரப்பர் வழியாக மெல்லக் கசியத்தான் செய்கிறது.

மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த பஞ்சர் கடைக்காரர் ஒருவர் மூடியைப் பார்க்க மாட்டார். வால்வு நிற்கிற விதத்தைப் பார்ப்பார். ஸ்போக் சக்கரத்தோடு வந்த ஒரு பைக்கை என்னிடம் காட்டினார். ரிம் ஓட்டையிலிருந்து நேராக நிற்க வேண்டிய வால்வு ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. "காத்து கம்மியா வச்சி ஓட்னா டயரு ரிம்முல நழுவும் சார். உள்ள டியூபையும் இழுத்துக்கினு போவும். இன்னும் நாலு நாள் ஓட்னா வால்வு அடியோட பிச்சிக்கும். அப்புறம் ஒட்டெல்லாம் போட முடியாது, டியூபே மாத்தணும்" என்றார். ஓடிக்கொண்டிருக்கும்போது பிய்ந்தால், ஒரே நொடியில் காற்றெல்லாம் போய்விடும். டியூப் டயர் வைத்திருப்பவர்கள் வண்டி கழுவும்போது இதை அவசியம் பாருங்கள்.

காருக்குச் சட்டம் ஏற்கெனவே அக்கறை காட்டியிருக்கிறது. ஃபயர்ஸ்டோன் டயர் பொருத்திய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்கள் வரிசையாக விபத்தில் சிக்கிய பிறகு அமெரிக்கா 2000-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2007 செப்டம்பரிலிருந்து அங்கே புதிய கார்களில், காற்று 25 சதவீதம் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு கட்டாயம். டயர் அழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் இருந்தால் காரில் ஸ்டெப்னி வேண்டாம் என்று இந்தியாவிலும் 2020-ல் விதி திருத்தப்பட்டது. ஒரு டயர் போனாலும் இன்னும் மூன்று டயரில் நிற்கும் வண்டிக்கு இவ்வளவும். இரண்டே டயரில் போகிற கோடிக்கணக்கானவர்களுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

ஆகவே நம் கையில் இருப்பதை நாம் செய்ய வேண்டும். வண்ண மூடிக்குச் செலவழிக்கும் அதே பணத்தில் சட்டைப் பையில் அடங்குகிற நல்ல காற்றழுத்த கேஜ் ஒன்று வாங்கிவிடலாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பாருங்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். வெயிலில் நின்று, ஓடிச் சூடேறிய டயரில் 29 காட்டினால், மறுநாள் காலை அது 26-ஆக இருக்கலாம். கையேட்டில் இருப்பது குளிர்ந்த டயருக்கான எண். குறைந்தால் பங்குக்குப் போங்கள். அங்கே காற்று இலவசமாகத் தர வேண்டியது எண்ணெய் நிறுவனங்களின் விதி. இயந்திரம் வேலை செய்யவில்லை என்றால் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு எழுதுங்கள்.

வண்டியும் டயரும் செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார் மாம்மன் மாப்பிள்ளை. அந்த மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி 1952-ல் ட்ரெட் ரப்பருக்கும் 1961-ல் டயருக்கும் வளர்ந்து எம்.ஆர்.எஃப். ஆனது. புல்லட் தொழிற்சாலை வந்ததும் அதே திருவொற்றியூரில்தான். ரப்பருக்குள் காற்றை அடைத்து வைக்கும் தொழிலை இவ்வளவு காலமாகத் தெரிந்த ஊரில், 22-க்கும் 29-க்கும் 36-க்கும் அளவெடுத்த, எடை குறைந்த, வால்வைத் திறந்து வைக்காத ஒரு மூடியைச் செய்ய முடியாதா? செய்தால் முதலில் வாங்குகிறவர்களில் நானும் இருப்பேன்.

அதற்கு நாளாகும் என்றால், நாளையே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. பெட்ரோல் மூடியைத் திறக்கிற இடத்தில், அந்த வண்டிக்கான மூன்று எண்களையும் தமிழில் கொட்டை எழுத்தில் அச்சிட்டு விற்கட்டும். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஓட்டுகிறவர் கண்ணிலும் படும், காற்றடிக்கிற தம்பி கண்ணிலும் படும். ஸ்பிரிங்கும் வேண்டாம், நிறமும் வேண்டாம். செலவு சில பைசாக்கள்தான். அவர்கள் அச்சிடும் வரை, இந்த வாரமே கையேட்டைத் தேடி எடுத்து, சீட்டுக்கு அடியில் நீங்களே பெயின்ட்டால் எழுதிவிடுங்கள்.