பின்னட்டையில இருக்குறது நிஜமாவே நீங்கதானா? ஒரு போட்டோவும் சில கேள்விகளும்!

ராத்திரி பகலா உட்கார்ந்து எழுதின முதல் புத்தகம் அச்சுக்குப் போகப்போகுது. ஜனவரியில நந்தனம் ஒய்.எம்.சி.ஏ மைதானத்துல, சென்னைப் புத்தகக் காட்சியில அதைக் கையில வாங்கணும்ங்கிறது உங்க கனவு. டிசம்பர்ல பதிப்பகத்திலிருந்து ஒரு மெசேஜ்: "பின்னட்டைக்கு உங்க போட்டோ வேணும். மார்பளவு, 300 டிபிஐ, ஃபில்டர் வேண்டாம். ரெண்டு நாள்ல அனுப்புங்க."

கேலரியைத் திறக்கிறீங்க. ஆயிரக்கணக்குல போட்டோ இருக்கு. ஆனா, அனுப்புற மாதிரி ஒண்ணுகூட இல்ல. கசின் கல்யாணத்துல எடுத்த குரூப் போட்டோவை கிராப் பண்ணலாமா? இல்ல, ஒரு செல்ஃபியை ஏ.ஐ ஆப்ல போட்டா, ஸ்டூடியோ லைட்டோட பளபளன்னு ஒரு படம் வந்துடுமே?

இந்த ரெண்டாவது யோசனைதான் இன்னிக்கு ரொம்ப சுலபம். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்குது.

முகத்தை வெச்சு சிக்கிய பொய்

2023 நவம்பர்ல அமெரிக்காவைச் சேர்ந்த 'ஃப்யூச்சரிசம்' இணையதளம் ஒரு செய்தியை வெளியிட்டது. 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' என்ற பிரபல விளையாட்டுப் பத்திரிகையின் இணையதளத்துல, இல்லாத ஆட்களின் பேர்ல கட்டுரைகள் வந்திருக்குன்னு அது சொன்னது. ஒவ்வொரு 'எழுத்தாளருக்கும்' பேர், சின்ன அறிமுகம், சிரிச்ச முகத்தோட போட்டோ எல்லாம் இருந்தது. ஆனா, அந்த முகங்கள் ஏ.ஐ-யால் உருவான முகங்களை விற்கிற ஒரு தளத்துல விற்பனைக்கு இருந்தன. 'கட்டுரைகளை வெளி நிறுவனம் ஒண்ணு கொடுத்தது' என்று விளக்கம் சொன்ன பத்திரிகை நிர்வாகம், அவற்றை நீக்கியது.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. பொய்யைக் காட்டிக்கொடுத்ததுல பெரும்பங்கு அந்த போட்டோக்களுக்குத்தான். எழுத்தாளர் போட்டோ ஒரு காலத்துல அட்டைக்கு அலங்காரம். இன்னிக்கு அது, 'இதை எழுத நிஜமாவே ஒரு ஆள் இருக்காரு' என்பதற்கான அடையாளமும்கூட. அதே 2023-லதான் அமேசானின் கிண்டில் சுயபதிப்புத் தளமும், புத்தகத்துல ஏ.ஐ உருவாக்கிய எழுத்தோ படமோ இருந்தா தன்கிட்ட சொல்லணும்னு விதி கொண்டுவந்தது.

அதனால, புத்தகம் முழுக்க நீங்களே எழுதியிருந்தாலும், பின்னட்டையில மெழுகு பொம்மை மாதிரி ஒரு முகம் இருந்தா என்ன ஆகும்? 'உள்ள இருக்குறதும் இப்படித்தானோ?' என்ற சந்தேகம் வாசகருக்கு வரும். அந்தப் பழி உங்களுக்குத் தேவையா?

பியூட்டி மோடும் இதே கதைதான். சில போன்கள் கேட்காமலேயே தோலை வழவழப்பாக்கும், நிறத்தைக் கூட்டிக் காட்டும். நம்ம நிறத்துல என்ன குறை? ஆஃப் பண்ணிட்டு எடுங்க.

300 டிபிஐ-ன்னா என்ன?

பயப்படாதீங்க, சின்னக் கணக்குதான். அச்சுல ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்கணும். பின்னட்டையில உங்க படம் 2 அங்குல அகலம், 3 அங்குல உயரம்னு வெச்சுக்கோங்க. 600-க்கு 900 பிக்சல் வேணும். உங்க போன் கேமரா 12 மெகாபிக்சல்னா, சுமார் 4,000-க்கு 3,000 பிக்சல் கிடைக்கும். தேவைக்கு மேலயே இருக்கு.

அப்புறம் ஏன் பதிப்பகம் 'படம் தெளிவா இல்ல'ன்னு திருப்பி அனுப்புது? பெரும்பாலும் ரெண்டு காரணம். ஒண்ணு, கிராப். குரூப் போட்டோவுல உங்க முகம் மட்டும் 300 பிக்சல் அகலம்தான் இருக்குன்னா, அச்சுல அது ஒரே ஒரு அங்குலம். ரெண்டாவது, வாட்ஸ்அப். போட்டோவை சாதாரணமா அனுப்பினா, அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 'டாக்குமென்ட்'டா அனுப்புங்க, இல்ல மெயில்ல இணைங்க. ஸ்க்ரீன்ஷாட் வேண்டவே வேண்டாம்.

ஏதோ ஒரு ஆப்ல '72' என்பதை '300' என்று மாத்தி சேவ் பண்ணிட்டா வேலை முடிஞ்சிடாது. அதுல மாறுறது எண் மட்டும்தான். எடுக்கும்போது இல்லாத விவரம் அப்புறமா வராது.

ஜன்னல் போதும்

ஸ்டூடியோவுக்குப் போனா நல்லதுதான். காசில்லைன்னா வீட்டு ஜன்னல் போதும். காலையில நேரடி வெயில் விழாத ஜன்னலைப் பார்த்து நில்லுங்க. முகத்துல வெளிச்சம் சீரா விழும். தலைக்கு மேல இருக்குற ட்யூப்லைட்டை அணைச்சிடுங்க, அது கண்ணுக்குக் கீழ கருநிழலைத்தான் போடும்.

செல்ஃபி வேண்டாம். போன் முகத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தா மூக்கு பெருசா, காது சின்னதா தெரியும். நண்பர்கிட்ட போனைக் கொடுத்து, அஞ்சாறு அடி தள்ளி நின்னு, பின்பக்க கேமராவுல எடுக்கச் சொல்லுங்க. போர்ட்ரெய்ட் மோடைப் போட்டா, சில சமயம் சுருட்டை முடியின் ஓரத்தையும் ஜிமிக்கியையும் சேர்த்து மங்கலாக்கிடும். பின்னாடி வெறும் சுவர் இருந்தா அதுவும் தேவையில்ல.

முக்கியமா ஒரு டெஸ்ட். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்க. உள்பக்கத்துல படம் கறுப்பு வெள்ளையில வர வாய்ப்பிருக்கு. அடர்நிறச் சட்டையும் அடர்நிறச் சுவரும் அதுல ஒண்ணாக் கலந்து, தலை மட்டும் மிதக்கும்.

படம் உங்களுது... உரிமை யாருது?

இதைப் பலரும் யோசிக்கிறதே இல்ல. 1957-ம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, ஒரு போட்டோவோட முதல் உரிமை பொதுவா அதை எடுத்தவருக்குத்தான். நீங்க கேட்டு, காசு கொடுத்து எடுத்ததுன்னா, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்துல உரிமை உங்களுக்கு. அதாவது, காசு வாங்காம எடுத்துக் கொடுத்த நண்பர்தான் அந்தப் படத்தோட உரிமையாளர்! அவர்கிட்ட 'அச்சுலயும் இணையத்துலயும் பயன்படுத்திக்கலாம்'னு ஒரு வரி மெயில் வாங்கிடுங்க. புத்தகத்துல அவர் பேரையும் போடச் சொல்லுங்க. நன்றியும் ஆச்சு, ஆதாரமும் ஆச்சு.

போட்டோவே வேண்டாம்னா?

அதுவும் உங்க உரிமைதான். 'தி கேட்சர் இன் தி ரை' நாவலின் பின்னட்டையில இருந்த தன் போட்டோவை, ஜே.டி.சாலிஞ்சர் அடுத்தடுத்த பதிப்புகள்ல எடுக்கவெச்சார். அது அவர் விருப்பம். ஆனா, சிலருக்கு இது விருப்பம் சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல. இன்னிக்கு மாநிலங்களவை உறுப்பினரா இருக்குற கவிஞர் சல்மா, ஒரு காலத்துல வீட்டுக்குத் தெரியாம புனைபெயர்ல எழுதினவர். அந்த நாள்ல கவிதைக்குப் பக்கத்துல ஒரு முகம் அச்சாகியிருந்தா, எழுத்தே நின்னுபோயிருக்கலாம். வீட்டுக்குப் பயந்தோ, ஊருக்குப் பயந்தோ எழுதுற ஒருத்தர் இன்னிக்கும் இருக்கலாம். அவர் 'போட்டோ தர முடியாது'ன்னு சொன்னா, பதிப்பகம் அதை மதிக்கணும். ஆனா, அந்த இடத்தை ஏ.ஐ முகத்தால நிரப்ப வேண்டாம். வெறுமையா விட்டா, அது நேர்மை. பொய் முகம் வெச்சா, அது வாசகரை ஏமாத்துறது.

முகம் காட்ட முடிவு பண்ணிட்டீங்களா? அப்போ கண்ணாடி போடுறவர் கண்ணாடியோட, நரைச்சவர் நரையோட நில்லுங்க. புத்தகக் காட்சியில யாரோ ஒருத்தர் உங்க புத்தகத்தைத் திருப்பிப் பார்ப்பார். அப்புறம் ஸ்டால்ல நிக்கிற உங்களைப் பார்ப்பார். "இது நீங்கதானே?"ன்னு சந்தேகமே இல்லாம கேட்டு, கையெழுத்துக்கு நீட்டுவார்.

அந்த போட்டோ பாஸ்!