பிடித்த புத்தகம்: கரைத்தீவு ஊராருக்கு ஒரு மடல்

புத்தளத்துக் கரைத்தீவில் வாழும் பெரியோர்களே, தாய்மார்களே, உடன்பிறந்தோரே,

பன்னிரண்டு ஆண்டுகளாகத் தோஹாவில் சம்பாத்தியம் செய்துவரும் ஒருவன், விடுமுறைக்கு மட்டும் வந்துபோகும் உரிமையைக் கொண்டு ஊருக்குப் புத்திமதி சொல்லத் துணிந்தான் என்று தாங்கள் மனஸ்தாபம் கொள்ளலாகாது. சென்ற ஒக்டோபரில், வாசிப்பு மாதத்தை முன்னிட்டு, எட்டாந் தரத்தில் கற்கும் என் மருமகனிடம் தனக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றி ஒரு கட்டுரை கேட்கப்பட்டது. பாடப் புத்தகத்தைத் தவிர வேறொன்றையும் விரித்தறியாத அந்தப் பிள்ளை, தொலைபேசியில் என்னை அழைத்து, “மாமா, ஒரு புத்தகத்துட பேரு மட்டும் சொல்லுங்க, மிச்சத்த நான் எழுதிக்கிறன்” என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமே வந்தது. நானும் அவன் வயதில், வாசித்தறியாத ஒரு நூலின் பின்னட்டையிலிருந்த நான்கு வரிகளைப் பத்து வரிகளாக நீட்டி, அது என் உள்ளத்தைக் கொள்ளை கொண்டதாக எழுதி, நல்ல புள்ளியும் பெற்றவன். அன்று கிடைத்த புள்ளியின் பயனாக அடுத்த பதினைந்து வருஷம் நான் ஒரு புத்தகத்தையும் தொடவில்லை.

ஆகையால் பெயர் எதையும் சொல்லாமல், பாடசாலை விட்டதும் அவன் என்ன செய்கிறான் என்று மட்டும் விசாரித்தேன். கேட்டதுதான் தாமதம், வாய் திறவாப் பிள்ளையென்று வீட்டார் சொல்லும் அவன், களப்பில் எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரையை அண்டும் என்பதையும், கண்டல் வேர்களுக்கிடையில் நண்டு ஒளியும் விதத்தையும், முன்னொரு காலத்தில் வாப்பாவின் வள்ளத்தருகே தலை தூக்கியதாகச் சொல்லப்படும் ஆவுளியா என்னும் கடற்பசுவையும் பற்றி அரை மணி நேரம் பேசினான். வாசிக்கப் பிரியமில்லாத பிள்ளை என்று நாம் சொல்வது பெரும்பாலும், தன் பிரியத்தை இன்னும் எந்தப் புத்தகத்திலும் சந்திக்காத பிள்ளையைத்தான் என்று அன்று விளங்கிற்று. சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்தபோது, ஒவ்வொரு வாசகனுக்கும் உரிய நூல் ஒன்று உண்டென்றும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகன் ஒருவன் உண்டென்றும் இரண்டை அடுத்தடுத்து வைத்தார். அந்த வாசகனையும் நூலையும் சந்திக்கச் செய்வதே பெரியவர்களாகிய நம் பணி.

மூன்று புத்தகங்களைத் தேடித் தரும்படி புத்தளத்திலுள்ள ஒரு நண்பருக்குச் சொன்னேன். முதலாவது, இபுனு பதூதாவின் பிரயாண நூல். 1344இல் அவர் புத்தளக் கரையில் இறங்கியதும், கறுவாக் கட்டைகள் கரையில் குவிந்து கிடந்ததும், அரசர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்து, பாவா ஆதம் மலைக்குப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்தனுப்பியதும் அதில் வருகின்றன. அந்தப் பகுதியை மட்டும் வாசித்துவிட்டு அவன் மூடிவிட்டான். இரண்டாவது, ஒரு நீதிக்கதைத் தொகுதி. நான்காம் பக்கத்தோடு நின்றது. இரண்டையும் நான் கண்டிக்கவில்லை. ருசியில்லாத உணவை முடித்தே தீரவேண்டுமென்று நிர்ப்பந்திக்கப்பட்ட பிள்ளை, சோற்றையே வெறுக்கும்.

மூன்றாவது, மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் சிங்களத்தில் எழுதிய ‘மடோல் தூவ’ நாவலின் தமிழாக்கம். மடோல் என்றால் கண்டல், தூவ என்றால் தீவு. வீட்டாருக்கு அடங்காத உபாலியும், அவனோடு இணைபிரியாத ஜின்னாவும் வீட்டை விட்டுப் போய், கொக்கல வாவியின் நடுவே கண்டல் அடர்ந்த தீவொன்றைத் திருத்திப் பயிர் செய்யும் கதை அது. தீவென்ற சொல்லைத் தன் ஊரின் பெயரிலேயே சுமந்து, கண்டல் நிழலில் வளரும் பிள்ளைக்கு, அது தெற்கே காலிப் பக்கத்துக் கதை என்பது உறுத்தவேயில்லை. தீவில் தெரிந்த வெளிச்சத்தைக் கதையிலுள்ளோர் பேயென்று நம்பும் இடம் வந்ததும், இரவு பத்து மணிக்கு என்னை அழைத்து, “அது பேயில்ல மாமா, ஆள்தான் இருக்கும்” என்று வாதாடினான். முதல் அத்தியாயம் அலுப்புத் தந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதி, கட்டுரையைக் கொடுத்தான்.

ஆகவே என் விண்ணப்பம் இது. பிள்ளையிடம் புத்தகத்தின் பெயரைக் கேட்குமுன் அவன் ஆசையைக் கேளுங்கள். புத்தளம் பட்டினத்துக்குச் சாமான் வாங்கப் போகும் நாளில் அவனையும் நூலகத்துக்கு அழைத்துச் சென்று, தானே எடுக்க விடுங்கள். பிடிக்காததை மூடிவைக்க அனுமதியுங்கள். அவன் வாசித்ததைச் சொல்ல வரும்போது கைத்தொலைபேசியைக் கீழே வையுங்கள். வெளிநாட்டிலிருக்கும் நாம், சொக்லேட்டும் அத்தரும் அடுக்கும் பெட்டியில் இரண்டு புத்தகங்களுக்கு இடம் விடுவோம்.

கட்டுரை முடிந்த பின் மருமகன் கேட்ட கேள்வி ஒன்று என்னிடம் நிற்கிறது: “எங்கட களப்பப் பத்தி இப்படி ஒரு கத இருக்கா மாமா?” அதே களப்பின் மறுகரையிலே, கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் சரித்திரங்கள் அழியலாகாதென்று தொகுத்து 1859இல் நூலாக்கினார். அவ்வாறே நம் களப்பின் கதையையும் நாம் தொகுக்கலாம்: ஆவுளியாவைக் கண்ட மூத்தோர் நம்மூரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்ல, ஒரு பிள்ளை கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். வரும் ஒக்டோபரில் மருமகன் அதைக் கையிலேந்தி வகுப்புக்குப் போகட்டும்.

இங்ஙனம்,
உங்களில் ஒருவன்.