கம்பு பீர் எந்தப் பிரிவு?

அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கான். வீட்டில் பீர் காய்ச்சிக்க அங்க மத்திய அரசே 1979ல அனுமதி கொடுத்துடுச்சு. (இங்க பனையில கள்ளு இறக்கினாலே கேஸு. அத விடுங்க.) பார்லியோட கம்பும் சேத்து ஒரு பேல் ஏல் போட்டிருக்கான், போட்டிக்கு. "எந்தப் பிரிவுல கொடுக்கட்டும் மாமா?"ன்னு போன்ல கேட்டான்.

மாற்றுத் தானிய பீர்னு தனிப் பிரிவு இருக்கு. அம்மாச்சி கூழ் காய்ச்சின கம்பாச்சே, அதுலதான் கொடுக்கணும்னு அவனுக்கு ஆசை.

"குடிச்சா கம்பு தெரியுதா?"

கொஞ்ச நேரம் சத்தமில்ல. "தெரியல மாமா."

அப்ப சாதா பேல் ஏல்லயே கொடுடான்னுட்டேன். 50 மார்க்கில் ருசிக்கு 20, வாசத்துக்கு 12. கம்பு போட்ட கதைக்கு மார்க்கே கிடையாது. தானியம் தெரியலேன்னா மூல வகையிலேயே கொடுன்னுதான் அவங்க விதியும் சொல்லுது.

நானும் பட்டவன்தான். ஒரு வருசம் சீரகச் சம்பா அரிசின்னு மூட்டையோட போனேன். வியாபாரி ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். வாசமில்லை. சாதா அரிசி விலைதான் கொடுத்தார். கோபம் வந்தது, ஆனா அவர் மேல தப்பில்லை.

அடுத்த தடவை கம்பை வறுத்து, கூடப் போடப் போறானாம். அப்ப தாராளமா மாற்றுத் தானியத்தில் கொடுக்கட்டும். இப்ப சிக்கல் என்னன்னா, அக்காகிட்ட ஏற்கெனவே "கம்பு பீர்"னு சொல்லிட்டான்.