நண்பர்கள் ‘பப்’புக்கு மதிய உணவுக்கு அழைத்தால்...

 

சென்ற மாதம் ஒரு நாள், ராஜகீழ்ப்பாக்கத்தில் மக்தப் பிள்ளைகள் ஓதி முடித்துச் சென்ற பின், மஃரிபை எதிர்நோக்கி அமர்ந்திருந்தேன். சிறுவயதில் என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் வந்து ஸலாம் கூறினார். இப்போது அவர் சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறார். சற்று நேரம் தயங்கியவர், பிறகு கேட்டார்: “ஹஜ்ரத், கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் சனிக்கிழமை ஒன்றாகச் சுற்றப் போகிறோம். காலையில் எழும்பூர் அருங்காட்சியகம், மாலையில் மெரினா. நடுவில் மதிய உணவு ஒரு நட்சத்திர விடுதியில் உள்ள ஆங்கிலேயர் பாணி பப்பில். நான் குடிக்கப் போவதில்லை. சாப்பிட மட்டும் போகலாமா?”

இந்தக் கேள்வி எனக்குப் புதிதன்று. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாணவர் இதையே கேட்டார். “ஹராம், போகாதே” என்று இரண்டே சொற்களில் விடையளித்துவிட்டு நான் என் வேலையைப் பார்க்கச் சென்றேன். சட்டம் என்ற அளவில் நான் கூறியதில் தவறில்லை. ஆனால் அந்த மாணவர் அதன் பின் என்னிடம் எதையும் கேட்க வரவில்லை. நாளடைவில் பள்ளிவாசலிலும் அவரைக் காண்பது அரிதாயிற்று. அந்தக் குறை என் நெஞ்சில் இன்றும் இருக்கிறது. ஆகவே இம்முறை அந்தத் தம்பியை அமரச் சொல்லி, முழுவதுமாகப் பேசினேன். பேசியவற்றை நம் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

முதலில், அவர் நண்பர்களின் பக்கத்தை நியாயமாகப் பார்ப்போம். அவர்களுள் ஒருவர் இங்கிலாந்தில் பணியாற்றி விடுமுறையில் வந்தவர். “அங்கே பப் என்பது வெறும் குடிக்கும் இடமன்று, குழந்தை குட்டிகளோடு குடும்பமாக வந்து சாப்பிடுவார்கள்” என்று அவர் கூறினாராம். அது உண்மைதான். பொது இல்லம் என்று பொருள்படும் ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கமே பப். ஊரார் கூடிப் பேசும் இடமாக அது அந்நாட்டில் பல நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. ஞாயிறு மதியம் வாட்டிய இறைச்சியும் உருளைக்கிழங்கும் உண்ணக் குடும்பங்கள் அங்கே செல்வது அவர்களின் வழக்கம். மனிதர்கள் கூடி உண்ண விரும்புவதில் குற்றமில்லை. நம் மார்க்கமும் சேர்ந்து உண்பதில் பரக்கத் இருப்பதாகவே கற்பிக்கிறது.

ஆனால் அந்த இல்லத்தின் நடுத்தூண் மதுதான். உணவு பின்னால் வந்து சேர்ந்தது. இதை நாம் மறக்கலாகாது.

மதுவைப் பற்றிய இறைக்கட்டளை படிப்படியாக இறங்கியது. அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம், அதில் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை மறுக்காமல், அதன் பாவமோ பயனைவிடப் பெரிது என்று உணர்த்தியது. அந்நிஸா 43ஆம் வசனம் போதையுடன் தொழுகையை நெருங்கக் கூடாதெனத் தடுத்தது. இறுதியாக அல்மாயிதா 90, 91ஆம் வசனங்கள் முற்றிலும் விலகிக்கொள்ளக் கட்டளையிட்டன. பகையையும் வெறுப்பையும் விதைத்து, தொழுகையை விட்டும் இறைநினைவை விட்டும் தடுப்பதே ஷைத்தானின் நோக்கம் என்று காரணத்தையும் விளக்கின. ‘மாயிதா’ என்றால் உணவு பரிமாறப்பட்ட விரிப்பு. மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) வழியாகத் திர்மிதியில் பதிவாகியுள்ள ஹதீஸிலும் இதே சொல்தான் வருகிறது. அதாவது, தடை நம் கையிலுள்ள கோப்பையோடு நிற்கவில்லை. நாம் அமரும் விரிப்புக்கும் அது நீள்கிறது.

கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் மது அருந்திய சிலர் பிடித்துக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஒருவர் நோன்பாளி என்று கூறப்பட்டது. அந்த நோன்பாளியையும் கலீஃபா தண்டித்தார்கள் என்று இமாம் குர்துபி தமது தஃப்ஸீரில், அந்நிஸா 140ஆம் வசனத்தின் விளக்கத்தில் குறிப்பிடுகிறார். “நான் குடிக்கவில்லையே” என்ற ஒரு சொல் அங்கே போதுமான விடையாகவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டையும் கூற வேண்டும். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் குடிக்கிறார். பெரிய விடுதியின் உணவுக்கூடத்தில் தொலைவிலுள்ள ஒரு மேசையில் கோப்பை இருக்கிறது. அலுவலகக் கூட்டத்தை நிறுவனமே ஓரிடத்தில் நடத்துகிறது. இவை யாவும் நாம் தேர்ந்தெடுத்தவை அல்ல. மதுவுக்கென்றே அமைந்த இடத்திற்கு விடுமுறை நாளில் விரும்பிச் சென்று, கோப்பைகள் சுற்றி வரும் அதே மேசையில் அமர்வது இவற்றோடு ஒப்பிடத் தக்கதன்று. நிர்ப்பந்தமான சூழலில் இருப்போர் தம் பகுதி ஆலிம்களிடம் தம் நிலையை விளக்கிக் கேட்டுக்கொள்ளட்டும்.

நடைமுறையில் நம் இளைஞர்கள் கவனிக்கத் தவறும் செய்திகள் சில உண்டு.

ஒன்று, பில். ஆறு பேர் உண்டால் தொகையை ஆறாகப் பங்கிடுவதே நண்பர்களின் வழக்கம். அந்தப் பங்கில் பிறர் அருந்திய மதுவின் விலையும் அடங்கும். மது தொடர்பாகப் பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் சபித்த ஹதீஸில் பருகுபவர் மட்டுமன்றி, பரிமாறுபவர், சுமப்பவர், விற்பவர், வாங்குபவர் ஆகியோரும் இடம்பெறுகின்றனர். எலுமிச்சைச் சாறு மட்டும் பருகியவர், தாம் அறியாமலே மது வாங்கியவர் ஆகிவிடலாம்.

இரண்டு, உணவு. ஆங்கிலேயப் பப்களில் புகழ்பெற்ற பொரித்த மீனின் மாவில் பீர் கலப்பது உண்டு. இறைச்சிப் பைகள் சிலவற்றை ஏல் என்னும் மதுவிலேயே வேகவைப்பார்கள். மீன்தானே என்று எண்ணிவிட முடியாது. வினிகரின் நிலை வேறு. அதை நல்ல குழம்பு என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டியது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மது தானாகவே மாறி வினிகரானால் அது தூய்மையானது என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளுக்கும் உடன்பாடு உண்டு. ஒரு பொருளைச் சேர்த்து மாற்றினால் ஹனஃபிகள் ஏற்பர், ஷாஃபிஈகள் ஏற்பதில்லை.

மூன்று, தொழுகை. விடுமுறை மதிய உணவு ஒரு மணிக்குத் தொடங்கி நான்கு மணி வரை நீள்வது இயல்பு. லுஹர் அந்த மேசையிலேயே கரைந்துவிடும். அலுவலகங்களில் இத்தகைய விருந்து வெள்ளிக்கிழமையில் அமைந்தால், இழப்பது ஜும்ஆவை.

நான்காவதாக ஒன்றை அந்தத் தம்பியே சொன்னார்: “நான் குடிப்பதில்லை என்பதால், வண்டி ஓட்ட என்னைத்தான் அழைக்கிறார்கள்.” போதையில் இருக்கும் நண்பரைப் பாதுகாப்பாக வீடு சேர்ப்பது ஓர் உயிரைக் காக்கும் செயல், அதை நான் ஒருபோதும் தடுக்க மாட்டேன். ஆனால் மாலையில் வண்டி ஓட்ட ஒருவர் வேண்டும் என்பதற்காகவே நண்பகல் முதல் அந்த மேசையில் காத்திருப்பது நட்பாகாது.

மது இல்லாவிட்டால் கூட்டம் களைகட்டாது என்பாருக்கு வரலாறு விடை தருகிறது. இரவு திக்ரில் விழித்திருக்க யமன் நாட்டு ஸூஃபிகள் 15ஆம் நூற்றாண்டில் அருந்திய காபி, மக்கா, கெய்ரோ, இஸ்தான்பூல் வழியே பரவியது. 1511இல் மக்காவின் அதிகாரி காயிர் பே காபியையே தடை செய்தார். அதைச் சுற்றிக் கூடிய கூட்டங்களும் அவருக்கு உறுத்தலாயிருந்தன. அந்தத் தடை நிலைக்கவில்லை. இஸ்மிர் நகரிலிருந்து வணிகர் ஒருவருடன் வந்த பாஸ்குவா ரோசே 1652இல் லண்டனில் காபிக்கடை திறந்தார். ஆங்கிலேயர் மதுவின்றிக் கூடிப் பேசவும் இடமுண்டு என்பதை, கிழக்கிலிருந்து சென்ற அந்தப் பானம் அவர்களுக்குக் காட்டியது.

நம் தமிழ் மண்ணுக்கும் இது அந்நியமான கருத்தன்று. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. இராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தானே நடத்தும் அரசும், திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகியவற்றோடு மீலாதுந் நபியன்றும் டாஸ்மாக் கடைகளை மூடுகிறது. ஆகவே “எனக்கு வேண்டாம்” என்று சொல்லும் முஸ்லிம் இளைஞர் இவ்வூரில் தனியாளல்லர்.

இனி, பெற்றோரிடமும் ஆசிரியர்களாகிய எங்களிடமும் ஒரு சொல். “போகாதே” என்பது பாதி விடைதான். பகைமை கொள்ளாத பிற சமயத்தவரிடம் நன்மையோடும் நீதியோடும் நடப்பதை அல்லாஹ் தடுக்கவில்லை என்பது அல்மும்தஹினா 8ஆம் வசனத்தின் கருத்து. நம் பிள்ளைகளின் நண்பர்களுள் எத்தனை பேர் நம் வீட்டில் உண்டிருக்கிறார்கள்? பெருநாள் பிரியாணியை அண்டை வீட்டுக்கு அனுப்புகிறோம். மற்ற நாள்களில் கதவு சாத்தியே இருக்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஒரே ஸஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் பண்பாடு நம்முடையது. அப்படிப்பட்ட விரிப்பை வைத்திருக்கும் நாம் அதைச் சுருட்டி வைத்துவிட்டு, பிள்ளை வேறு மேசை தேடுவதைக் குறைகூறுவது முறையாகுமா?

அந்தத் தம்பியிடம் நான் கூறியது இதுதான்: “வயிற்றுவலி என்று பொய் சொல்லாதே. காரணத்தைத் தலை நிமிர்ந்து சொல். காலையில் அவர்களோடு போ, மாலையிலும் போ. அந்த மேசையை மட்டும் விடு. அதற்கு ஈடாக ஒரு விருந்துக்கு நீயே அவர்களை அழை.”

அவர் அவ்வாறே சொன்னார். நால்வர் பப்புக்குச் சென்றனர். ஒருவர் இவரோடு வந்துவிட்டார். தமக்கும் குடிப்பழக்கம் இல்லை, சொல்லக் கூச்சமாக இருந்தது என்றாராம் அந்த இந்துச் சகோதரர். இருவரும் பள்ளிவாசல் அருகே ஒரு சிறிய கடையில் உண்டனர். இவர் லுஹர் தொழுது வரும்வரை அவர் வெளியே காத்திருந்தார். மாலையில் அறுவரும் மெரினாவில் மீண்டும் சேர்ந்தனர். கேலி இருந்ததா என்று கேட்டேன். “கொஞ்சம் இருந்தது, ஹஜ்ரத்” என்று சிரித்தார்.

அடுத்த ஞாயிறு அந்த அறுவரும் அவர் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார்கள். என்னையும் அழைத்திருக்கிறார். இன்ஷா அல்லாஹ், செல்வேன். முன்பு இரண்டு சொற்களில் நான் திருப்பி அனுப்பிய அந்தப் பழைய மாணவரையும் அழைத்துச் செல்ல எண்ணி, அவர் வீட்டுக்குப் போய்வந்தேன். வருவதாக அவர் இன்னும் சொல்லவில்லை. அவருக்காக துஆச் செய்யுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு மறுக்கும் துணிவையும், நமக்கு அவர்களை அரவணைக்கும் மனத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.