தாய்ப்பால் விழாவில் டப்பா உணவு

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் தாய்ப்பால் வார விழாவில் 'கொழுகொழு குழந்தைகளுக்கு'ப் பரிசு கொடுத்த படத்தை வெளியிட்டிருந்தீர்கள். பரிசு என்னவென்று படத்தில் தெரியவில்லை. நான் அங்கே இருந்தேன், சொல்கிறேன்: குழந்தை உணவு டப்பா. கடைக்காரர் ஒருவரின் நன்கொடையாம்!

அதற்குச் சற்று முன்புதான் மேடையிலிருந்த அதிகாரி, கூட்டத்தில் ஒரு பெண்ணை எழுப்பி நிறுத்தி, "குழந்தைக்கு என்னம்மா குடுக்கறே?" என்று கேட்டார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டுகிறவள். கையில் நாலு மாதக் குழந்தை. "பகல்ல அத்தை பாக்கெட் பால் குடுப்பாங்க, ராத்திரி நான்தானுங்க" என்று உள்ளதைச் சொன்னாள். "ஏன், அழகு போயிரும்னு பயமா? உங்களை மாதிரி ஆளுங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது!" கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டியவர்களையும், பிறந்த வாயில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தவர்களையும், வேப்பிலையை அரைத்துப் பூசிப் பால் மறக்கடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அறியாமைதான், பொறுமையாக எடுத்துச் சொன்னால் மாறினார்கள். ஆனால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது இந்தப் பெண்ணுக்கு மனப்பாடம். தெரிந்து என்ன செய்ய? ஒப்பந்தக்காரரிடம் பீஸ் ரேட்டில் வேலை, பதிவேட்டில் பெயரே இல்லை. 2017-ல் 26 வாரமாக உயர்ந்த பேறுகால விடுப்பு அவள் தெருப்பக்கமே வரவில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய் வரலாம் என்றும் விடுப்பை உயர்த்திய அதே சட்டத் திருத்தம் விதித்தது. அதிகாரி அடுத்த கூட்டத்தில் முதலாளிகளை எழுப்பி நிறுத்தி இதைக் கேட்பாரா?

அந்தக் காலத்தில் வயலுக்குப் போனவர்கள் பால் கொடுக்கவில்லையா என்று சிலர் கேட்பார்கள். கொடுத்தார்கள், வரப்போரம் மரத்தில் தூளி கட்டி. ஓவர்லாக் மிஷினில் கட்டச் சொல்கிறார்களா? அரசுதான் மகப்பேறு உதவியாக 18,000 ரூபாய் தருகிறதே என்பார்கள். அதில் ஊட்டச்சத்துப் பெட்டகம் போக மீதிப் பணம் தவணை தவணையாக வரும். அதை நம்பி ஆறு மாதம் வீட்டு வாடகை கட்டிக் காட்டட்டும். தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம் சம்பளத்தோடு விடுப்பு, மனதார வரவேற்கிறேன். அதை அனுபவிக்கும் துறையிலிருந்து வந்து இவளுக்குப் புத்தி சொல்வதுதான் பொறுக்கவில்லை.

டப்பா வாங்கிப் போனவர்கள் என்ன செய்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தீர்ந்தால் மறு டப்பா வாங்கக் காசிருக்காது. மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள். பிறகு வயிற்றுப்போக்கு, எடை இறக்கம், ஆஸ்பத்திரி வாசல். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குக் குழைந்த சோறும் பருப்பும் கீரை மசியலும் முட்டையும், அங்கன்வாடி சத்துமாவும் போதும், கூடவே இரண்டு வயதுவரை தாய்ப்பால் என்று அந்த மேடையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. பரிசுக்குத் தராசு மட்டும் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. கொழுகொழு கன்னத்தில் அது தெரியாது.

குழந்தை உணவை விளம்பரப்படுத்துவதையும், தாய்மாருக்கு இலவசமாகக் கொடுத்துப் பழக்குவதையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை உண்டு. மாவட்ட ஆட்சியர் இந்த நன்கொடையை விசாரிக்க வேண்டும். அந்தப் பெண்ணிடம் அதிகாரி மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்களும் அந்தப் படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திருப்பூர் மாவட்டம்